உண்ணக்கூடிய ஸ்பூன், மக்கும் தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாணப் பந்தி, டீக்கடை, அலுவலக விருந்து, கோயில் அன்னதானம் என்று எங்கே பார்த்தாலும், பிளாஸ்டிக் ஸ்பூனுக்கும் தட்டுக்கும் பதிலாக என்ன வாங்குவது என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. கடையில் ‘பயோ’, ‘ஈகோ’, ‘நேச்சுரல்’ என்ற பெயர்களில் பொருள்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் நிஜமாகவே மண்ணோடு போவது எது, அப்படிச் சொல்லிக்கொண்டு விற்கப்படுவது எது, தின்னக்கூடிய ஸ்பூன் எந்த இடத்துக்குச் சரிப்படும் என்பதைக் கேள்வி பதிலாக இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு ஏன் இவ்வளவு கவலை? மறுசுழற்சி செய்துவிடலாமே?

செய்ய முடியாது என்பதுதான் பிரச்சினையே. பிளாஸ்டிக் ஸ்பூன் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் வகைகளில் செய்யப்படுகிறது. ஒன்றின் எடை சில கிராம்தான். குழம்பும் எண்ணெயும் ஒட்டியிருக்கும். குப்பை பொறுக்குபவர் ஒரு கிலோ சேர்க்கவே நூற்றுக்கணக்கில் குனிந்து எடுக்க வேண்டும். எடுத்தாலும் பழைய பொருள் கடையில் அதற்கு விலை கிடையாது. தண்ணீர் பாட்டிலுக்கு விலை இருப்பதால் அது எப்படியோ திரும்பப் போய்விடுகிறது. ஸ்பூன் சாக்கடையிலும் குளத்தங்கரையிலும் தங்கிவிடுகிறது.

1950-களிலிருந்து 2015 வரை உலகம் சுமார் 830 கோடி டன் பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்தது என்று 2017-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் குப்பையானது 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சிக்குப் போனது ஏறக்குறைய 9 சதவீதம் மட்டுமே. பாட்டில், குடம், நாற்காலி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்த 9. ஸ்பூனை மட்டும் தனியே எடுத்தால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இருக்காது.

உண்ணக்கூடிய ஸ்பூன் எதில் செய்யப்படுகிறது?

தானிய மாவில். வெள்ளைச் சோளம், அரிசி, கோதுமை மூன்றும் கலந்த மாவுதான் அதிகம் பயன்படுகிறது. கம்பு, ராகி சேர்ப்பவர்களும் உண்டு. வெந்நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, ஸ்பூன் வடிவ அச்சில் அழுத்தி, ஈரம் முழுக்கப் போகும்வரை சுடுகிறார்கள். பிஸ்கட்டுக்குச் சேர்ப்பதுபோல வெண்ணெயோ சோடா மாவோ சேர்ப்பதில்லை. கொழுப்பு சேர்ந்தால் பொலபொலவென்று உடையும். சோடா சேர்ந்தால் உள்ளே காற்றறைகள் உருவாகிக் குழம்பை உறிஞ்சும். ஆகவே இது பிஸ்கட்டைவிடக் கெட்டியாக, நன்றாகக் காய்ந்த ரொட்டித் துண்டைப் போல இருக்கும்.

உணவுப் பாத்திரத்தையே தின்பது நமக்குப் புதிதில்லை. ஐஸ்கிரீம் கோனை யாரும் குப்பையில் போடுவதில்லை. இத்தாலியிலிருந்து நியூயார்க்கில் குடியேறிய இட்டாலோ மார்க்கியோனி, ஐஸ்கிரீமுக்கான மாவுக் கிண்ணங்களை வார்க்கும் அச்சுக்கு 1903-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பானிபூரியிலும் பூரிதான் கிண்ணம்.

இந்தியாவில் இதை யார் தொடங்கினார்கள்?

பரவலாகத் தெரியவந்தது ஹைதராபாத்தின் நாராயண பீசபாட்டியால். அவர் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவர். 2010-ல் ‘பேக்கீஸ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சோள மாவு ஸ்பூன்களைத் தயாரித்தார். 2016-ல் அவரைப் பற்றிய ஒரு வீடியோ உலகமெங்கும் பரவியது. இணையத்தில் பொதுமக்களிடமிருந்து பணமும் திரண்டது.

அவர் இதற்கு வந்த வழி பலருக்குத் தெரியாது. அவருடைய முதல் கவலை பிளாஸ்டிக் அல்ல, நிலத்தடி நீர். தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் விவசாயிகள் சோளத்தையும் கம்பையும் விட்டுவிட்டு நெல்லுக்கு மாறினார்கள். ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் இறைக்கப்பட்டு நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. நெல்லுக்கு ஆகும் தண்ணீரில் பாதி இருந்தால் சோளம் விளைந்துவிடும். ஆனால் சோளத்தைச் சாப்பிட ஆள் இல்லையென்றால் விவசாயி எதற்குப் போடுவார்? சோளத்துக்குப் புதிதாக ஒரு தேவையை உண்டாக்க வேண்டும் என்று அவர் தேடினார். கள ஆய்வுக்குப் போன இடங்களில் ஆறி விறைத்துப்போன சோள ரொட்டியை உடைத்து, அதையே கரண்டியாக வைத்துச் சாப்பிட்ட அனுபவமும் கைகொடுத்தது. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு ஸ்பூனுக்குப் பின்னால் ஒரு வட்டாரத்தின் கிணறுகள் இருக்கின்றன.

அதன் பிறகு பலர் இந்தப் பக்கம் வந்தார்கள். கேரளத்தில் திருவனந்தபுரத்தில் உள்ள, மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வகத் தொழில்நுட்பத்தைக் கொண்டு கோதுமைத் தவிட்டில் தட்டு செய்கிறார்கள். போலந்தின் பயோட்ரெம் நிறுவனமும் அதே தவிட்டில் தட்டு செய்து விற்கிறது. 2020-ல் மதுரையில் ஒரு தேநீர்க் கடை பிஸ்கட் கப்பில் டீ கொடுத்து, குடித்து முடித்ததும் கப்பையும் தின்னச் சொன்னது செய்தியானது.

சூடான குழம்பில் வைத்தால் கரைந்துவிடாதா?

கரையாது. ஆனால் ஊறும். மாவுப் பொருள் காய்ந்திருக்கும் வரை கல்லாக இருக்கும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சி உப்பத் தொடங்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக உப்பும். கோதுமையில் உள்ள குளூட்டன் புரதம் வலைபோலப் பின்னி நின்று ஸ்பூன் உதிர்ந்துபோகாமல் பிடித்துக்கொள்கிறது. சோள மாவு தண்ணீரில் சட்டென்று குழைவதில்லை. இரண்டையும் கலப்பதற்குக் காரணம் அதுதான்.

தயாரிப்பாளர்கள் சூடான உணவில் பத்து முதல் இருபது நிமிடம் தாங்கும் என்கிறார்கள். ஒரு கிண்ணம் சூப் குடிக்க அது போதும். பேச்சு நீண்டு ஸ்பூனைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டுவைத்தால் நுனி மெத்தென்று ஆகிவிடும்.

எதற்கு எது பொருந்தும் என்று பார்த்து வாங்குவது நல்லது. ஐஸ்கிரீம், பழக்கலவை, பாயசம், கேசரி, சுண்டல், தயிர் சாதம், பொங்கல் ஆகியவற்றுக்கு இந்த ஸ்பூன் நன்றாகவே உழைக்கும். ரசத்துக்கு வேண்டாம். ரசத்தைக் குடிக்க நமக்கு ஸ்பூனே தேவையில்லை என்பது வேறு விஷயம். முட்கரண்டி வடிவம் எனக்குத் திருப்தி தருவதில்லை. அதன் பற்கள் மெலிதாக இருப்பதால், கொஞ்சம் கெட்டியான துண்டில் குத்தினாலே ஒடிகின்றன.

சுவை எப்படி? சத்து உண்டா?

உப்பில்லாத வறட்டு ரொட்டியின் சுவை. சீரகம், மிளகு, சர்க்கரை, இஞ்சி என்று சேர்த்தும் விற்கிறார்கள். பத்து கிராம் ஸ்பூனில் 35 கலோரி அளவுக்கு இருக்கும், அவ்வளவுதான். சத்துக்காக இதை வாங்க வேண்டியதில்லை. தின்றே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

யாராவது இதைத் தவிர்க்க வேண்டுமா?

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள், சீலியாக் என்ற, குளூட்டன் ஒத்துக்கொள்ளாத குடல் நோய் உள்ளவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். பிரியாணிக்கோ தயிர் சாதத்துக்கோ இந்த ஸ்பூனைப் போட்டுக் கொடுத்தால், கோதுமையே இல்லாத உணவில் கோதுமை சேர்ந்துவிடுகிறது. சாப்பிடுபவருக்கு அது தெரியாமல் போகலாம். ஆகவே விருந்தில் வைப்பவர்கள் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். பாக்கெட்டின் மேல் குளூட்டன் பற்றிய அறிவிப்பு இல்லாத ஸ்பூனை வாங்காதீர்கள். கோதுமை சேர்ந்த உணவைப் பாக்கெட்டில் விற்றால் அது இருந்தாக வேண்டும்.

தின்னாமல் போட்டால் என்ன ஆகும்?

மிஞ்சிய சப்பாத்திக்கு என்ன ஆகுமோ அதுதான். மாடு தின்னும், எறும்பு இழுக்கும், மழையில் ஊறிச் சில நாளில் மண்ணோடு போகும். கடலில் விழுந்தாலும் மீனுக்கு ஆபத்தில்லை. மற்ற எல்லா மாற்றுகளையும்விட இதற்கு இருக்கும் பெரிய பலம் இதுதான்: யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாது.

ஆனால் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி, சென்னைக் குப்பைக் கிடங்குகளான கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ அனுப்பினால் கதை வேறு. குப்பை மலையின் அடியில் காற்று புகாது. காற்றில்லாத இடத்தில் மக்கும் பொருள் அழுகி மீத்தேன் வாயுவை வெளியிடும். மீத்தேன் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். தவிட்டுத் தட்டு, வாழை இலை, மிஞ்சிய சாம்பார் சாதம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதனால் விருந்து முடிந்ததும் மக்கும் குப்பையைத் தனியே பிரித்து, நகராட்சியின் நுண் உர மையத்துக்கோ உங்கள் தோட்டத்துக் குழிக்கோ போய்ச் சேரும்படி பார்ப்பது முக்கியம். மக்கும் தட்டுக்குப் பணம் செலவழிக்கும் பலர் இந்தக் கடைசிப் படியில் கைவிட்டுவிடுகிறார்கள். பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது.

‘மக்காச்சோளத்தில் செய்த பிளாஸ்டிக்’ என்று விற்கிறார்களே, அது மக்குமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

இந்தப் பொருளின் பெயர் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பி.எல்.ஏ. மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலமாக்கி, அதைச் சங்கிலியாகக் கோத்துச் செய்கிறார்கள். மூலப்பொருள் செடியிலிருந்து வந்தது உண்மை. ஆனால் கையில் கிடைப்பது பிளாஸ்டிக்தான். கண்ணாடிபோல மின்னும் குளிர்பான கப் பலவும் இதில் ஆனவை.

இது மக்கும். எப்போது? தொழிற்சாலை அளவிலான உரக் கூடத்தில், 58 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் தொடர்ந்து இருந்தால். ஐ.எஸ்.ஓ. 17088 என்ற பன்னாட்டுத் தரநிலை சோதிப்பதும் ஏறக்குறைய அந்தச் சூழலில்தான்: 180 நாளுக்குள் பொருளில் உள்ள கரிமத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும். உங்கள் வீட்டு மாடியில் இருக்கும் உரத் தொட்டியில் அந்தச் சூடு நாள்கணக்கில் நிற்காது. வயலில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். கடல்நீர் இன்னும் குளிர்ச்சி, அங்கே அதற்குப் பிளாஸ்டிக்கின் கதிதான். போதாக்குறைக்கு, பார்க்கச் சாதாரணப் பிளாஸ்டிக்போலவே இருப்பதால் மறுசுழற்சிக் குவியலில் கலந்து அதையும் கெடுக்கிறது. சாதாரண பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகிவிடும் என்பதால் சூடான டீக்கும் ஆகாது.

உங்கள் ஊரில் அப்படிப்பட்ட உரக் கூடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இந்தப் பொருளுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை 3 முதல் பிளாஸ்டிக் ஸ்பூன், தட்டு, ஸ்ட்ராவைத் தடை செய்தபோது, செடியிலிருந்து செய்த பிளாஸ்டிக்குக்கும் விலக்குக் கொடுக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

இந்தியாவில் உரமாகும் பிளாஸ்டிக் என்று சொல்லி விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். கடைக்காரரிடம் சான்றிதழ் எண்ணைக் கேட்டுப் பாருங்கள். பச்சை நிறத்தில் இலைப் படம் போட்டிருப்பது சான்றிதழ் ஆகாது.

பேப்பர் கப் பரவாயில்லையா?

இல்லை. பேப்பர் கப்பின் உட்புறம் மெல்லிய பாலிஎதிலீன் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் டீ கசிந்துவிடும். ஒரு கப்பை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் உரித்துப் பாருங்கள், அந்தப் படலம் தனியே கையில் வரும். 2020-ல் காரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இத்தகைய கப்புகளில் 85 முதல் 90 டிகிரி சூடுள்ள 100 மில்லி தண்ணீரை 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீரில் இறங்கியிருந்தன.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் 2019 முதலே தடைப் பட்டியலில் உள்ளன. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023-ல் நீதிமன்றம் கப்புகளுக்கான தடையைச் செல்லும் என்றது. அப்புறமும் பல டீக்கடைகளில் அது இருக்கிறது. டீக்கடைக்குக் கண்ணாடி கிளாஸ்தான் சரி. அதைக் கழுவும் தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நாம் கடைக்காரரிடம் வற்புறுத்தலாம்.

பாக்கு மட்டைத் தட்டு முழுக்க இயற்கைதானே?

ஆமாம். தோட்டத்தில் தானாக உதிரும் மட்டையைப் பொறுக்கி, கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசை இல்லை, பூச்சு இல்லை. கர்நாடகம், கேரளம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல குடும்பங்கள் இதை நம்பியிருக்கின்றன. தோட்டத்துக் குப்பைக் குழியில் நல்லபடியாக மக்குகிறது.

ஆனால் 2025-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பாக்கு மட்டைப் பாத்திரங்களின் இறக்குமதிக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. பாக்கில் இருக்கும் அரிக்கோலின் போன்ற ஆல்கலாய்டு வேதிப்பொருள்கள் மட்டையிலும் இருக்கின்றன, அவை உணவில் இறங்கலாம் என்பது அதன் காரணம். பாக்கு மெல்லுவது வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த விஷயம். அரிக்கோலினை அது ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளது’ என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

மெல்லும் பாக்கும், எப்போதாவது ஒரு விருந்தில் பயன்படுத்தும் தட்டும் ஒன்றல்ல. அதற்காகக் கேள்வியை ஒதுக்கித் தள்ளவும் கூடாது. என் யோசனை இது: சூடான, புளிப்பான, திரவமான உணவை நேரடியாக இதில் ஊற்றாதீர்கள். தட்டின் மேல் வாழை இலையை வட்டமாக வெட்டிப் போட்டுப் பரிமாறுங்கள். பல கேட்டரிங்காரர்கள் அழகுக்காக இதை ஏற்கெனவே செய்கிறார்கள். வடை, போண்டா, பழம் வைக்கத் தட்டு மட்டும் போதும். மட்டைக் கிண்ணத்தில் தினமும் சாம்பார் ஊற்றிக் கொடுக்கும் கடைகளைத்தான் நான் மாற்றச் சொல்வேன்.

கரும்புச் சக்கைத் தட்டு?

ஆலையில் சாறு பிழிந்த பின் மிஞ்சும் சக்கையைக் கூழாக்கி அச்சில் வார்ப்பது. உறுதியானது, வெள்ளையாக இருக்கும், விலையும் கட்டுப்படியாகும். மக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எண்ணெய் ஊறாமல் இருக்க என்ன சேர்த்திருக்கிறார்கள்? பல நாடுகளில் இதற்கு பி.எஃப்.ஏ.எஸ். என்ற ஃபுளோரின் வேதிப்பொருள்களைச் சேர்த்து வந்தார்கள். அவை உடலிலும் மண்ணிலும் எளிதில் சிதையாமல் தங்குபவை. டென்மார்க் 2020-லேயே உணவு தொடும் காகிதத்திலும் அட்டையிலும் அவற்றைத் தடை செய்தது. அமெரிக்காவில் எண்ணெய் தாங்க உணவுக் காகிதத்தில் சேர்க்கும் இந்த வகைப் பொருள்களின் விற்பனை நின்றுவிட்டதாக 2024 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. மொத்தமாக வாங்குபவர்கள் ‘பி.எஃப்.ஏ.எஸ். இல்லை’ என்ற ஆய்வக அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். எக்கச்சக்கமாக வாங்கும் கல்யாண மண்டபங்கள் கேட்டால் விற்பவர்கள் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மர ஸ்பூன்?

பூச்சு இல்லாத மரமாக இருந்தால் சரி. வாயில் சொரசொரப்பாக இருக்கும், சிலருக்குப் பிடிக்காது. மரத்தை வெட்டி, பத்து நிமிடம் பயன்படுத்தி, தூக்கிப் போடுகிறோம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

நம் பழைய வழக்கத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லையா?

நிறையவே இருக்கிறது, அவற்றில் பல இன்னும் உயிரோடும் இருக்கின்றன. வாழை இலையைச் சொல்லவே வேண்டாம். மந்தாரை இலை, ஆல இலை, புரச இலையை ஈர்க்கால் தைத்த தையல் இலை, கோயில் பிரசாதத்துக்குத் தொன்னை, பதநீர் குடிக்கப் பனை ஓலைப் பட்டை. யாழ்ப்பாணத்தில் ஒடியல் கூழைப் பனை ஓலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் குடிப்பார்கள், பலா இலையைக் கோலியும் குடிப்பார்கள். கேரளத்தில் கஞ்சிக்குப் பலா இலைதான் கரண்டி. ஓர் ஈர்க்குச்சி குத்தினால் ஸ்பூன் தயார், ஆலையும் அச்சும் தேவையில்லை.

இந்திய தர நிர்ணய அமைவனம் 2023-ல் ஐ.எஸ். 18267 என்ற தரநிலையை வெளியிட்டது. இலை, மட்டை, தவிடு போன்ற வேளாண் கழிவுகளில் செய்யும் தட்டு, கிண்ணம், கப்புகளுக்கு அது பொருந்தும். ரசாயனம், பிசின், பசை எதையும் சேர்க்கக் கூடாது என்கிறது. தையல் இலை செய்யும் பெண்கள் குழுக்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ‘கைவேலை’ என்று ஒதுக்கப்பட்ட பொருளை இனி தரம் சொல்லி விற்க முடியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்ட்ரா, தெர்மாகோல் கப், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் எல்லாம் அதில் அடங்கும். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பிளாஸ்டிக் ஸ்பூன், முட்கரண்டி, கத்தி, தட்டு, கப், ஸ்ட்ரா, கலக்கும் குச்சி ஆகியவற்றைத் தயாரிப்பது, விற்பது, பயன்படுத்துவது எல்லாமே தடை. இலங்கையிலும் 2023 அக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் ஸ்பூன், முட்கரண்டி, ஸ்ட்ரா, இடியாப்பத் தட்டு போன்றவை தடை செய்யப்பட்டுள்ளன.

ஆகவே உங்கள் கேட்டரிங்காரர் பிளாஸ்டிக் ஸ்பூன் கொண்டுவந்தால் அது விருப்பம் சார்ந்த விஷயமில்லை. தடை செய்யப்பட்ட பொருள். முன்பணம் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

உண்ணக்கூடிய ஸ்பூன் ஏன் இன்னும் எல்லாக் கடைகளிலும் இல்லை?

விலைதான் முதல் காரணம். பிளாஸ்டிக் ஸ்பூனை ஓர் இயந்திரம் சில நொடிக்கு ஒரு கொத்தாகத் துப்பிக்கொண்டே இருக்கும். மாவு ஸ்பூன் அடுப்பில் காய நேரம் வேண்டும், எரிபொருள் வேண்டும், தானியத்துக்கு விலை உண்டு. அடுத்தது பாதுகாப்பு. ஈரக் காற்று பட்டால் நமுக்கும், எறும்பும் வண்டும் தேடி வரும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் திறந்து வைக்கவே முடியாது. அதனால் ஒவ்வொரு ஸ்பூனையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்கள் சிலர். அப்படி வருவதை வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஐம்பது நூறாகக் காகித உறையில் சுற்றி ஒரே பெட்டியில் வருவதை வாங்கி, டப்பாவில் மூடி வையுங்கள்.

எவர்சில்வர் ஸ்பூனைக் கழுவினால் தண்ணீர் வீணாகாதா? அதற்கு மாவு ஸ்பூன் மேல் இல்லையா?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். உலகச் சராசரியில் ஒரு கிலோ கோதுமை விளைய 1,800 லிட்டருக்குச் சற்று அதிகமான தண்ணீர் ஆகிறது. பத்து கிராம் ஸ்பூன் முழுக்கக் கோதுமையாக இருந்தால் 18 லிட்டர். அதில் பெரும்பகுதி மழைநீர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மழைநீரைக் கழித்தாலும் மிஞ்சுவது, ஓர் எவர்சில்வர் ஸ்பூனைக் கழுவ ஆகும் தண்ணீரைப்போலப் பல மடங்கு. ஸ்பூனைத் தின்றால் அது உணவாகப் போயிற்று, சரி. கடித்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் போட்டால் அத்தனையும் நஷ்டம்.

ஆகவே கழுவ ஆளும் தண்ணீரும் இருக்கும் இடத்தில் எவர்சில்வர்தான். பள்ளி, அலுவலக உணவகம், கல்யாண மண்டபம், கோயில் அன்னதானக் கூடம் எல்லாம் இதில் வரும். தெலங்கானாவின் சித்திப்பேட்டையில் ‘ஸ்டீல் பேங்க்’ என்று வைத்து, விசேஷங்களுக்குத் தட்டு, டம்ளர், ஸ்பூனைக் கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளையே ‘பசுமை நெறிமுறை’ வைத்து, தூக்கிப் போடும் பாத்திரங்களைத் தவிர்த்து நடத்தினார்கள். நம் ஊர்ப் பாத்திர வாடகைக் கடைகளும் எத்தனையோ காலமாக இதைத்தான் செய்கின்றன. அவர்களிடம் ஸ்பூனையும் கேட்டால் வாங்கி வைப்பார்கள்.

கழுவ வழியில்லாத இடத்துக்கு இலை. இலை ஒத்துவராத இடத்துக்குத்தான் மாவு ஸ்பூன்: ரயில், பேருந்துப் பயணம், கடற்கரைச் சுண்டல் வண்டி, ஐஸ்கிரீம் கடை, திருவிழாத் தெரு, மலையேற்றம்.

பார்சல் வாங்கும்போது என்ன செய்வது?

ஸ்பூன் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வீட்டில் ஸ்பூன் இருக்கிறது, கையும் இருக்கிறது. 2021-ல் உணவு விநியோகம் செய்யும் சொமாட்டோ நிறுவனம், வாடிக்கையாளர் கேட்டால் மட்டுமே ஸ்பூன் அனுப்பும்படி செயலியை மாற்றியது. அதுவரை கேட்காமலேயே வந்துகொண்டிருந்தது. கடைக்கு நேரில் போகும்போதும் ‘ஸ்பூன் போடாதீங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அலுவலகப் பையில் ஓர் எவர்சில்வர் ஸ்பூன் இருந்தால் அந்த வார்த்தையைச் சொல்வது இன்னும் எளிது.

வீட்டிலேயே உண்ணக்கூடிய ஸ்பூன் செய்ய முடியுமா?

முடியும். குழந்தைகளோடு சேர்ந்து செய்ய நல்ல வேலை. இரண்டு கப் சோள மாவு, ஒரு கப் கோதுமை மாவு, அரை கப் அரிசி மாவு எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே சோள மாவு என்பது வெள்ளைச் சோளத்தை அரைத்தது, கடையில் விற்கும் கார்ன்ஃபிளவர் இல்லை. கொஞ்சம் உப்பு, பொடித்த சீரகம் போடலாம். எண்ணெய் வேண்டாம். கொதிக்கும் வெந்நீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனத்தில் தேய்த்து, எவர்சில்வர் ஸ்பூனை மேலே வைத்து அதன் வடிவில் வெட்டுங்கள். வெட்டிய துண்டை ஸ்பூன் குழியில் அழுத்தி, ஸ்பூனோடு சேர்த்தே ஓவனில் 170 டிகிரியில் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து மாவு தன் வடிவில் நின்றுகொள்ளும். அப்போது ஸ்பூனை எடுத்துவிட்டு, சூட்டை 120-க்குக் குறைத்து, உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை காய விடுங்கள். கனத்தைப் பொறுத்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வெளியே சிவந்து உள்ளே ஈரம் இருந்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், அதனால் அவசரப்படாதீர்கள். கைப்பிடியும் குழியும் சேரும் இடத்தில் மாவு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும், ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். நன்றாக ஆறிய பிறகு மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். முதலில் பாயசத்துக்கோ தயிர் சாதத்துக்கோ கொடுத்துப் பார்த்துவிட்டு, மாவின் அளவை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.